சத்தம் போடாத பெட்டி

திண்டுக்கல்லில் நசீமா டீச்சரிடம் கம்ப்யூட்டர் பெட்டி பூட்டும் தொழில் கற்றுக்கொண்டவர்களில் மூத்தவர் மலையாண்டி. டீச்சரைவிடவே மூத்தவர். நடத்திவந்த வீடியோ கடை படுத்துவிட, கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து சேர்ந்தவர்.

அவருக்குப் பின்னால் வந்தவள் தெய்வானை. அவள் வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சர் அவளைப் பார்த்து "சரி" என்று தலையாட்டினால்கூட அவருக்குச் சுருக்கென்றது.

ஒரு நாள் காலையில் ஏசுதாசன் என்பவர் வந்தார். மேசையில் சோற்று டப்பா அளவு இடம்தான் இருக்கிறது, கையில் இருக்கும் பணமும் கொஞ்சம்தான் என்று ஆரம்பித்து, தன் தேவையைச் சொல்லிக்கொண்டே போனார். தெய்வானை நடுவில் ஏதோ கேட்டாள். டீச்சர் அவளைப் பார்த்துச் சிரித்தார். மலையாண்டியின் கண்ணில் அந்தச் சிரிப்புதான் நின்றது.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. எது பிடிக்குதோ அதை அவர் எடுத்துக்கட்டும்" என்றார் டீச்சர்.

மலையாண்டி கடைத்தெருவில் அலைந்தார். தெய்வானை என்ன வாங்கினாள் என்று கடைக்காரரிடம் விசாரித்தார். மெதுவான பிராசசர் என்று தெரிந்ததும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, அந்த விலைக்குக் கிடைப்பதிலேயே வேகமானதை வாங்கினார். அது கக்கிய சூட்டுக்கு ஒரு சின்ன ஃபேனைத் திணித்து மூடினார்.

பெட்டிகள் மேசைக்கு வந்தன.

"எதையெல்லாம் விட்டுக்கொடுத்தே?" என்று டீச்சர் கேட்டார்.

"வேகம் போச்சு டீச்சர்" என்றாள் தெய்வானை. "பெரிய வீடியோ ஓட்டுனா திணறும். பின்னால ரெண்டு யூஎஸ்பியும் குறைஞ்சுபோச்சு."

"நீங்கண்ணே?"

"நான் எதையும் விட்டுக்கொடுக்கல."

டீச்சர் இரண்டு பெட்டிகளுக்கும் ஒயரை மாட்டினார்.

ஏசுதாசன் வந்தார். இரண்டையும் போடச் சொன்னார். மலையாண்டியின் பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் எழுந்துகொண்டது. தெய்வானையின் பெட்டி மெல்ல மெல்ல எழுந்தது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்தார்.

"இது போதும்" என்று தெய்வானையின் பெட்டியைத் தொட்டார்.

அவர் போனதும் மலையாண்டிக்கு அடக்க முடியவில்லை.

"அதுல என்ன இருக்கு டீச்சர்? என்னோடது அதைவிட மூணு மடங்கு வேகம். அவ செஞ்சதுங்கிறதுக்காகவே எல்லாருக்கும் பிடிச்சுப்போகுது!"

தெய்வானை தலைகுனிந்துகொண்டாள்.

"அந்தப் பெட்டியை நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கண்ணே" என்றார் டீச்சர்.

அவளுடைய பெட்டியைத் தான் சுமப்பதா? வழியெல்லாம் அது கல்லாய்க் கனத்தது.

ஏசுதாசனின் வீட்டில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பழைய கம்பளி தொங்கியது. பெட்டியை மாட்டி முடித்ததும் அவர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பிறகு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். இருமல் வந்தது மலையாண்டிக்கு. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வர அடக்கினார். அந்த அறையில் வாசிக்கும் குரலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

முடித்துவிட்டு ஏசுதாசன் சொன்னார்: "பார்வையில்லாத பிள்ளைங்களுக்குங்க. பழைய பெட்டியில என் குரலோட ஃபேன் இரைச்சலும் சேர்ந்து விழும். ரொம்ப நேரம் கேட்டா தலை வலிக்குது சார்னு சொல்லுவாங்க."

மலையாண்டி திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே தெய்வானை ஏதோ பழைய போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதிவு பண்ற வேலைக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். நானும் ஃபேன் இல்லாமலே செஞ்சிருப்பேனே."

நசீமா டீச்சர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அவரே சொன்னாருண்ணே. உங்க பக்கத்துல நின்னுதான் சொன்னாரு."