கொட்டாங்குச்சி முகமூடி

அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க வரும் எந்த விலங்கும் முதலில் தலையைத் தூக்கி, வானத்துக்குத் தன் முகத்தைக் காட்ட வேண்டும். அதுதான் சட்டம்.

குளக்கரையில் ஒரு செல்போன் கோபுரம் நின்றது. மனிதர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய் எத்தனையோ மழைக்காலங்கள் கழிந்திருந்தன. வீடுகளுக்குள் மரம் முளைத்துக் கூரையைப் பிளந்து, ஊரே காடாகிவிட்டது. கோபுரம் மட்டும் துருவேறி அப்படியே நின்றது. அதன் உச்சியில் ஒரு கழுகு உட்கார்ந்திருந்தது. மன்னிக்கவும், உட்கார்ந்திருந்தார். கழுகை 'அது' என்று சொன்னால் தண்டனை. 'உச்சியார்' என்றுதான் சொல்ல வேண்டும்.

உச்சியாருக்குக் கீழே பருந்துகள் பகல் முழுக்க வட்டமிட்டன. யார் குடிக்கிறார்கள், யார் பக்கத்தில் நிற்பவரோடு தலையைச் சேர்த்துப் பேசுகிறார்கள் என்று பார்த்தன. அவற்றின் கண்ணுக்கு எறும்பின் கால்கூடத் தப்பாது.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு குட்டியைப் பிணையாகக் கொடுக்க வேண்டும். கோபுரத்தின் பாதி உயரத்தில் மனிதர்கள் விட்டுப்போன ஓர் இரும்புக் கூண்டு தொங்கியது. குட்டிகளை அதில் அடைத்தார்கள்.

"நீங்கள் ஒழுங்காக இருந்தால் இவர்கள் உயிரோடு இருப்பார்கள்!" என்றார் உச்சியார்.

அன்றிலிருந்து காட்டில் பேச்சுக் குறைந்தது. சிரிப்பு நின்றே போனது. குளத்தில் தவளைகள்கூட மெல்லத்தான் கத்தின.

வஞ்சி என்ற புனுகுப்பூனை மட்டும் பிணை கொடுக்கவில்லை. கொடுக்க அதனிடம் குட்டி இல்லை. இருந்த ஒன்றையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

கோடை வந்தது. ஒரு நாள் மத்தியானம் வஞ்சி கோபுரத்தின் கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே கூண்டிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"அத்தை, தண்ணி!"

வஞ்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் பருந்துகள் வந்துவிடும். ஆனால் அந்தக் குரல் அதன் காதை விட்டுப் போகவில்லை. தன் பொந்துக்குள் போய்ப் படுத்த பிறகும் கேட்டது.

மறுநாள் வஞ்சி ஒரு பாதிக் கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்தது. மூன்று கண்ணும் இருக்கும் பாதி. அதில் இரண்டு கண்ணைப் பல்லால் குடைந்து திறந்தது. வாயை மட்டும் விட்டு, கோவைக்கொடியால் முகத்தில் கட்டிக்கொண்டது. உடம்பின் புள்ளியும் வாலின் நிறமும் தெரியாமலிருக்கச் சேற்றில் புரண்டது. கடைசியில் நொச்சி இலையைக் கசக்கி உடம்பெல்லாம் தேய்த்தது.

'இனி என்னைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது!' என்று நினைத்துக்கொண்டது.

பனைமரத்தில் ஏறி, நல்ல இளசான நுங்கு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, கோபுரத்துக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மேலே போனது. பருந்துகள் அலறிக்கொண்டு பாய்ந்தன. ஆனால் அந்தக் கம்பிகளுக்கு நடுவே சிறகை விரிக்க இடம் ஏது? வஞ்சி கூண்டுக்குள் நுங்கைத் தள்ளியது. குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு உறிஞ்சின.

"தேங்க்ஸ் அத்தை!" என்றது முள்ளம்பன்றிக் குட்டி.

வஞ்சி குரலைத் தடிப்பாக்கிக்கொண்டது. "நான் அத்தையும் இல்லை, பாட்டியும் இல்லை! நான் கொட்டாங்குச்சி வீரன்!"

"சரி அத்தை" என்றது நரிக்குட்டி.

சின்னப் பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் அத்தை என்றுதான் சொல்லும் என்று வஞ்சி நினைத்துக்கொண்டது. பிறகு கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி உச்சியைப் பார்த்துக் கத்தியது:

"ஓய் உச்சியாரே! என் முகம் தெரியுதா?"

கீழே குளக்கரையில் யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை. அதற்குள் எல்லாரும் தலையைக் குனிந்து தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

அது முதல் நாள்தோறும் நுங்கு போனது. நாள்தோறும் அந்தக் கேள்வியும் போனது. முயல் ஒன்று முகத்தைக் காட்டாமலே தண்ணீர் குடித்துவிட்டு ஓடியது. அடுத்து உடும்பு. அடுத்து மான் கூட்டமே. பருந்துகளுக்கு யாரைத் துரத்துவது என்று தெரியவில்லை.

வஞ்சிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பொந்துக்குத் திரும்பி, சேற்றைக் கழுவி, முகமூடியை ஒளித்து வைக்கும்போது நெஞ்சு படபடக்கும். யாரிடமும் சொல்ல முடியாது. பக்கத்துப் பொந்து முள்ளம்பன்றி கூரியிடம்கூடச் சொல்ல முடியாது. எல்லோரும் கூண்டில் ஒரு குட்டியை வைத்திருப்பவர்கள். குட்டிக்காக யார் எதைச் சொல்லமாட்டார்கள்? இவ்வளவு பெரிய காட்டில் தான் ஒருத்தியே தனியாக நிற்பதுபோல் அதற்குத் தோன்றும்.

எல்லோரையும்விட வஞ்சிக்குப் பயம் ஓரியிடம். ஓரி என்பது நரி. கோபுரத்துக்கு அடியில் காவல் நிற்பது அதன் வேலை. பருந்துகள் தின்றுவிட்டுப் போடும் எலும்புதான் அதன் கூலி.

"என்ன ஓரி, இன்னிக்கு எலும்புல கொஞ்சமாவது சதை ஒட்டிட்டிருந்துச்சா?" என்று வஞ்சி ஒரு நாள் குத்தலாகக் கேட்டது.

ஓரி கொட்டாவி விட்டது. "உனக்கு வாய்தான் பெருசு. போ, போய் நல்லா தேய்ச்சுக் குளி. வெயில்ல நாத்தம் தாங்கல!"

"எலும்பு பொறுக்குற வாய்க்கு என் மேல நாத்தம் வேற!" என்று சொல்லிவிட்டு வஞ்சி வாலை உயர்த்திக்கொண்டு போனது.

ஒரு நாள் வஞ்சி கோபுரத்திலிருந்து இறங்கும்போது, பருந்துகளின் தளபதி நகத்தான் கம்பியிடுக்கில் காலை விட்டுக் கீறியது. கோவைக்கொடி அறுந்தது. கொட்டாங்குச்சி 'டங் டங்'கென்று கம்பியில் மோதிக் கீழே விழுந்தது. வஞ்சி பக்கத்திலிருந்த பழைய சாக்கடைக் குழாய்க்குள் பாய்ந்து தப்பியது. திரும்பிப் பார்த்தபோது முகமூடி நகத்தானின் காலில் இருந்தது.

மறுநாள் காலையில் எல்லா விலங்குகளையும் கோபுரத்தின் கீழே வரிசையாக நிற்கச் சொன்னார்கள். உச்சியாரே கீழே இறங்கி வந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். அவர் தரையில் கால் வைத்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை. கூண்டையும் கீழே இறக்கி வைத்திருந்தார்கள்.

"இது யாருடையது?" என்று கொட்டாங்குச்சியைக் காட்டினார் உச்சியார்.

முயல் மானின் பின்னால் ஒதுங்கியது.

"பறவைகளான எங்களுக்குக் கண் இருக்கிறது. தரையில் ஊரும் உங்களுக்கு மூக்கு இருக்கிறதாமே! ஒவ்வொருவராக மோந்து பாருங்கள். யாருடைய வாசம் என்று சொல்லுங்கள்!"

வஞ்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசம்! அதை எப்படி இவ்வளவு லேசாக நினைத்தது? இத்தனை நாள் முகத்தை மறைத்தது, புள்ளியை மறைத்தது, குரலை மறைத்தது. தன் வாசம் தன் மூக்குக்குத் தெரியாது என்பதால், நொச்சி இலை போதும் என்று நம்பிவிட்டது. அதுவும் யார்? காட்டிலேயே வாசத்துக்குப் பேர்போன புனுகுப்பூனை!

முயல் முன்னால் போனது. கொட்டாங்குச்சிக்குள் மூக்கை விட்டது. மூக்கு படபடவென்று துடித்தது. வஞ்சி கண்ணை மூடிக்கொண்டது.

"தெரியலைங்க" என்றது முயல்.

அடுத்து மான். "தெரியலைங்க."

உடும்பு நாக்கை நீட்டி ஓட்டின் விளிம்பை நக்கியே பார்த்தது. "தேங்கா வாசம் அடிக்குதுங்க."

முள்ளம்பன்றி கூரி வந்தது. நன்றாக இழுத்து மோந்தது. அதன் முட்கள் ஒரு முறை சிலிர்த்து அடங்கின. "எனக்கு ஜலதோஷம்ங்க. ஒண்ணுமே தெரியல!"

வஞ்சி கண்ணைத் திறந்தது. ஒருவேளை உண்மையாகவே தெரியவில்லையோ?

உச்சியாருக்குக் கோபம் தலைக்கேறியது. கூண்டுக்குள் காலை விட்டு நரிக்குட்டியை இழுத்து எடுத்தார். அது 'கீச்'சென்று கத்தியது.

"இனி ஒருவர் 'தெரியாது' என்று சொன்னால் இந்தக் குட்டியின் கழுத்து இருக்காது! அதற்கடுத்தவர் சொன்னால் அடுத்த குட்டி!"

வஞ்சி ஓர் அடி முன்னால் வைத்தது. சுருக்கென்று பின்னங்காலில் முள் குத்தியது.

"அசையாம நில்லுடி!" என்றது கூரி, உதடு அசையாமல்.

"குட்டி செத்துடும்!"

"நில்லுன்னு சொல்றேன்!"

"நான் சொல்றேன், உச்சியாரே!" என்று ஒரு குரல் கேட்டது.

ஓரி வரிசையிலிருந்து வெளியே வந்தது. பெற்ற குட்டி கழுகின் காலில் இருக்கிறது. எலும்புக்கே விலைபோன வாய், குட்டிக்கு விலைபோகாதா?

ஓரி கொட்டாங்குச்சியை மோந்தது. சுற்றி வந்து மறுபடியும் மோந்தது. தலையை ஆட்டியது.

"வாசம் தெரியுது. ஆனா சொல்லப் பயமா இருக்குங்க."

"சொல்!"

"பெரிய இடத்து விஷயம்ங்க."

"சொல் என்றேன்!"

"இது பருந்து வாசம்ங்க."



"என்ன உளறல்!" என்று நகத்தான் அலறியது. "ஏறியது நாலுகால் பிராணி! என் கண்ணால் பார்த்தேன்!"

"ஏறினது நாலுகால்தான்" என்றது ஓரி. "ஏத்திவிட்டது யாருன்னுதான் கேள்வி. உச்சியாரே, தளபதியோட கண்ணுக்கு எறும்போட கால்கூடத் தெரியும். இவ்வளவு பெரிய பிராணி பட்டப்பகல்ல தினம் ஏறி இறங்குது. ஒரு நாளாவது பிடிச்சாரா? பிடிக்க முடியலையா, பிடிக்க மனசில்லையா? உச்சிக்கம்பி மேல யாருக்கு ஆசையோ, எனக்கென்ன தெரியும்!"

உச்சியார் மெல்லத் தலையைத் திருப்பி நகத்தானைப் பார்த்தார். நாளெல்லாம் சந்தேகத்தையே தின்று வளர்ந்த கண்கள் அவருடையவை.

"மற்றவர்கள் மறுபடி மோந்து பாருங்கள்!"

"ஆமாங்க, பருந்து வாசம்தான்!" என்றது முயல்.

"முதல்லயே தெரியும்ங்க. தளபதி பக்கத்துல நின்னாரு, சொல்லப் பயந்துட்டோம்" என்றது மான்.

"இப்ப ஜலதோஷம் விட்டுப்போச்சு" என்றது கூரி. "பருந்தேதான்!"

"பொய்! எல்லாம் பொய்! நீங்களே மோந்து பாருங்கள், உச்சியாரே!" என்று கத்தியது நகத்தான்.

உச்சியார் கொட்டாங்குச்சிக்குள் அலகை விட்டார். அவருக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. கழுகுக்கு ஏது அவ்வளவு மூக்கு? ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தனக்கு ஒன்று தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"ஆம்" என்றார் கம்பீரமாக. "பருந்து வாசம்தான் அடிக்கிறது!"

அடுத்த நொடி நகத்தான்மேல் பாய்ந்தார். நரிக்குட்டி தரையில் உருண்டது. பருந்துகளில் பாதி நகத்தான் பக்கம் போனது, பாதி உச்சியார் பக்கம் நின்றது. வானம் முழுக்க இறகு பறந்தது. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு கோபுரத்தைத் தாண்டின, பனங்காட்டைத் தாண்டின. கடைசியாகத் தெரிந்தது, ஒரு பக்கச் சிறகு தொங்க, தள்ளாடித் தள்ளாடிக் கடல் பக்கம் பறந்துபோன ஒரு கழுகு. அதை யாரும் 'அவர்' என்று சொல்லவில்லை.

வஞ்சி ஓடிப்போய்க் கூண்டின் கொக்கியைப் பல்லால் இழுத்துத் திறந்தது.

"அத்தை, இன்னிக்கு நுங்கு இல்லையா?" என்றது முள்ளம்பன்றிக் குட்டி.

கூட்டம் சிரித்தது. குளக்கரையில் அவ்வளவு பெரிய சிரிப்பைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது. வஞ்சி திகைத்துப்போய்க் கூரியைப் பார்த்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே!"

"நொச்சி இலை தேய்ச்சேனே!"

"நொச்சி தேய்ச்ச புனுகுப்பூனை வாசம் வந்துச்சு. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் நீ கோபுரத்துல ஏறிட்டேன்னு காடு முழுக்கத் தெரியும்டி!"

"எல்லாருக்குமா? இத்தனை நாளா ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா நீ பயந்து நிறுத்திடுவேன்னு பயம்" என்றது முயல்.

வஞ்சி உட்கார்ந்துவிட்டது. தனியாகப் படுத்து நெஞ்சு படபடத்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த நாளெல்லாம் சுற்றிலும் இத்தனை மூக்குகள் அதைக் காவல் காத்திருக்கின்றன. அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இறக்கி வைக்க முடியாத ஒரு பாரத்தை யாரோ முதுகிலிருந்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது.

தள்ளி நின்று குட்டியை நக்கிக்கொண்டிருந்தது ஓரி. கூட்டத்தின் பக்கம் வரவில்லை. வஞ்சி எழுந்து அதனிடம் போனது.

"ஓரி, நான் உன்னை என்னென்னவோ சொல்லிட்டேன்."

"எலும்பு பொறுக்கினது நிஜம்தானே!" என்றது ஓரி. "தினம் உன் வாசம் மேலே போகும். கொஞ்ச நேரத்துல என் குட்டியோட அழுகை நிக்கும். அந்த வாசத்தைக் காட்டிக்கொடுக்க என்னால முடியுமா?"

"வா, தண்ணி குடிக்கலாம்."

எல்லோரும் சேர்ந்து குளத்தில் இறங்கினார்கள். தலையைக் குனிந்து, முகத்தைத் தண்ணீருக்கு மட்டும் காட்டி, வேண்டிய மட்டும் குடித்தார்கள். குட்டிகள் கொட்டாங்குச்சியைப் படகாக விட்டு விளையாடின.

ஓரி மூக்கைச் சுளித்தது. "இறங்கினதுதான் இறங்கினே, அப்படியே முதுகைத் தேய்ச்சுக் குளியேன், தாயே! நான் அன்னிக்கே சொன்னேன்!"

மேலே இருந்து பார்ப்பவருக்கு முகம் மட்டுமே தெரியும்; கூடவே வாழ்பவர்களுக்கு ஆளையே தெரியும், அவர்கள் காட்டிக்கொடுக்காத வரை எந்த அரசும் ஒருவரைப் பிடித்துவிட முடியாது.