ஜெசிந்தாவின் வேகம்

நஸ்ரின் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. பந்து ஹெல்மெட்டில் பட்ட சத்தம்தான் எல்லைக்கோடு வரைக்கும் கேட்டது.

பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான மாவட்டக் கிரிக்கெட் போட்டி அது. முதல் பிரிவில் ஐந்து மாவட்டங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற நான்கு அணிகளோடும் இரண்டிரண்டு முறை ஆட வேண்டும். கடைசி இடம் பிடிக்கிற அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும்.

அன்றைக்கு முதல் ஆட்டம். பந்து போட்டவள் ஜெசிந்தா. பதினேழு வயது, கடற்கரை ஊர்க்காரி. ஐந்து மாவட்டத்திலும் அவள் வேகத்துக்குப் பந்து போட ஆள் இல்லை. அடிபட்ட நஸ்ரின் பக்கத்து மாவட்டத்தின் கேப்டன்.

குட்டையாகக் குத்தி எழும்பிய பந்து. நஸ்ரின் குனிவதற்குள் வந்துவிட்டது. மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுகிற ஹெல்மெட் அது. அவள் தலைக்குப் பெரியது. தாடை வார் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பந்து பட்டதும் ஹெல்மெட் சுழன்று, அதன் முன்கம்பியே தாடையில் இடித்தது.

முதலில் ஓடிப்போனவள் ஜெசிந்தாதான். நஸ்ரினின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை யாரையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் சேதி வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. தாடை எலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் கஞ்சியும் சூப்பும்தான்.

அந்த ஆட்டத்தில் ஜெசிந்தாவின் அணி ஜெயித்தது. யாரும் கை தட்டவில்லை.

அதற்குப் பிறகு அவளால் பந்து போட முடியவில்லை. ஓடி வரும்போது ஒன்றும் தெரியாது. கை தலைக்கு மேலே போகிற அந்த நொடியில், எதிரே நிற்கிறவளின் முகம் மட்டும் பெரிதாகத் தெரியும். விரல்கள் தாமாகவே தளர்ந்துவிடும். பந்து தொளதொளவென்று போய் விழும். வீட்டில் அம்மா கஞ்சி ஊற்றிக் கொடுத்தால் தொண்டையில் இறங்காது. அவளும் இதைத்தானே குடித்துக்கொண்டிருப்பாள் என்று டம்ளரை வைத்துவிடுவாள்.

இரண்டாவது ஆட்டத்தில் எட்டு ஓவரில் அறுபத்திரண்டு ரன் கொடுத்தாள். தோற்றார்கள். மூன்றாவதிலும் தோற்றார்கள்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் வளர்மதியைத் தேடிப் போனாள். வளர்மதி ஒரு காலத்தில் மாநில அணியின் விக்கெட் கீப்பர். இப்போது தபால் ஆபீசில் வேலை, காலையும் சாயங்காலமும் இந்த அணிக்குப் பயிற்சி. பிள்ளைகளுக்கு அவர் கோச்சக்கா. அதிகம் பேசமாட்டார்.

"கோச்சக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எனக்குப் பயமா இருக்குக்கா. பந்தைத் தொட்டாலே பயமா இருக்கு. இது போக நான் என்ன செய்யணும்?"

வளர்மதி எழுந்தார். அணியின் பெரிய பையை இழுத்து வந்து தலைகீழாகக் கவிழ்த்தார். ஆறு ஹெல்மெட்டுகள் உருண்டு விழுந்தன.

"இதுல எதெது ஒழுங்கா இருக்கு, பாரு."

ஜெசிந்தா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இரண்டில் வாரின் கொக்கி உடைந்திருந்தது. ஒன்றில் முன்கம்பியின் திருகாணி கழன்று ஆடியது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"நம்ம பிள்ளைங்களும் இதைத்தான் போட்டுட்டு நிக்குதாங்களா?"

"ஆமா."

"நீங்க பாக்கலியாக்கா?"

"பாக்கல." வளர்மதி அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார். "இனி நீ பாரு. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் பாரு."

"நம்ம டீமுக்கா?"

"ரெண்டு டீமுக்கும்."

"கோச்சக்கா, நான் கேட்டது பயத்தைப் பத்தி."

"தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வா."

நான்காவது ஆட்டத்தன்று காலையில் ஜெசிந்தா எதிரணியின் கூடாரத்துக்குப் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அங்கே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீதானே நஸ்ரின் தாடையை உடைச்சவ?" என்றாள் உயரமான ஒருத்தி. "எங்களைப் பயமுறுத்த வந்தியா?"

ஜெசிந்தாவுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. வளர்மதி ஏற்கெனவே நடுவரிடம் சொல்லிவைத்திருந்தார். நடுவர் வந்து, "பாத்துட்டுப் போகட்டும், நல்லதுதானே?" என்றார். அந்த உயரமானவள் முறைத்துக்கொண்டே தலையை நீட்டினாள்.

ஜெசிந்தா வாரைப் பிடித்தாள். இவ்வளவு பக்கத்தில் அவள் எந்த மட்டையாட்டக்காரியையும் பார்த்ததில்லை. உயரமானவளின் உதட்டோரத்தில் காய்ச்சல் புண். அடுத்தவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தவளுக்குப் பதினான்கு வயதுகூட இருக்காது. அவளுடைய தாடை நடுங்கிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் வளர்மதியிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கோச்சக்கா, இது மோசமாயிட்டுக்கா. முன்னால ஒரு முகம்தான் தெரிஞ்சுது. இப்ப பதினொண்ணும் தெரியுது."

"எத்தனை பேரு வார் மாட்டாம இருந்தாங்க?"

"மூணு பேரு."

"இப்ப?"

"எல்லாரும் மாட்டிட்டாங்க. நானே இழுத்துப் பாத்தேன்."

"அப்ப போய்ப் போடு."

அன்றைக்கும் அவள் வேகமாகப் போட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பந்து கொஞ்சம் வேகம் பிடித்ததால் கீப்பர் சுபிக்‌ஷா, ஐந்தாவது ஓவரில் ஸ்டம்புக்குப் பின்னால் இன்னும் இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றாள். அடுத்த ஆட்டத்தில் இன்னும் நான்கு எட்டு. ஏழு ஆட்டம் முடிந்தபோது இரண்டில் ஜெயித்திருந்தார்கள். குட்டைப் பந்து மட்டும் ஜெசிந்தாவின் கையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

கடைசி ஆட்டம் மறுபடியும் பக்கத்து மாவட்டத்தோடு. ஜெயித்தால் முதல் பிரிவில் நிற்கலாம். தோற்றால் இறங்க வேண்டும்.

நஸ்ரின் திரும்பி வந்திருந்தாள்.

மைதானத்தில் மாவட்டக் கிரிக்கெட் சங்கச் செயலாளர் ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்கு நீ குட்டையா ஒண்ணு போட்டா போதும்மா. அடிபட்ட பயத்துலயே விக்கெட்டைக் கொடுத்துட்டுப் போயிரும்" என்றார். ஜெசிந்தா தலையாட்டினாள். நேரே குளியலறைக்குப் போய்க் காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு எதிரணிக் கூடாரத்துக்குப் போனாள். போகாமல் இருக்க வழியில்லை. நஸ்ரின் புது ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள். தாடைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு.

"நீ எல்லாருக்கும் வார் பாக்கியாம், கேள்விப்பட்டேன்" என்றாள் நஸ்ரின். சில சொற்கள் இன்னும் அவள் வாயில் சரியாகத் திரும்பவில்லை. "எனக்கும் பாரு."

ஜெசிந்தா மண்டியிட்டு வாரைக் கொக்கியில் மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"மூச்சு முட்டுது. கொஞ்சம் விடு."

"மன்னிச்சிரு."

எதற்குச் சொல்கிறோம் என்று ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை. நஸ்ரின் தானே வாரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள்.

ஜெசிந்தாவின் அணி முதலில் ஆடி நூற்று அறுபத்தெட்டு எடுத்தது. நஸ்ரின் மூன்றாவதாக இறங்கினாள். ஜெசிந்தா அவளுக்குப் போட்ட முதல் பந்து அவளை விட்டு வெகு தூரம் விலகிப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்து தவழ்ந்து போனதும் நஸ்ரின் மட்டையைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் நடந்து வந்தாள்.

"எனக்குன்னு தனியாப் போடுதியா?"

ஜெசிந்தா குனிந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினாள்.

"நான் வாயைத் திறக்க முடியாம கெடந்தப்ப, திரும்பி வந்து உன் பந்தை ஆடணும்னுதான் நெனச்சேன். இதையா ஆடுறதுக்கு வந்தேன்?"

ஜெசிந்தா வெளியே பார்த்தாள். வளர்மதி யாருக்கோ தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் தன் இடத்துக்கு நடந்து போனாள். இருபத்திரண்டு எட்டு. திரும்பி ஓடி வந்தாள். கை மேலே போனபோது முகம் தெரிந்தது. தழும்பு தெரிந்தது. விரல் இந்த முறை தளரவில்லை.

குட்டையாகக் குத்தி, தழும்பின் உயரத்துக்கு எழும்பியது பந்து.

நஸ்ரின் வில் மாதிரிப் பின்னால் வளைந்தாள். பந்து மூக்குக்கு முன்னால் கடந்து போய் சுபிக்‌ஷாவின் கையுறையில் அறைந்தது.

ஜெசிந்தா நின்ற இடத்தைப் பார்த்தாள். பாதி ஆடுகளம் ஓடி வந்திருந்தாள். எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கைகளும் விழுகிற ஆளைப் பிடிப்பது போல முன்னால் நீண்டிருந்தன.

நஸ்ரின் விழவில்லை. அவள் உதடு வெளுத்திருந்தது. வாரை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"போ" என்றாள். "அடுத்ததைப் போடு."

அதே வேகத்தில் ஜெசிந்தா இன்னும் நான்கு ஓவர் போட்டாள். நஸ்ரின் அவள் பந்தில் இரண்டு பவுண்டரி அடித்தாள். இருபத்தெட்டு ரன்னில் இருந்தபோது பந்து அவள் மட்டையின் விளிம்பில் உரசி சுபிக்‌ஷாவிடம் போயிற்று. ஜெசிந்தாவுக்கு அன்று நான்கு விக்கெட். ஆனாலும் பக்கத்து மாவட்டம் கடைசி ஓவரில் இரண்டு விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்துவிட்டது.

சுபிக்‌ஷா அழுதாள். செயலாளர் யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிப் போனார். நஸ்ரின் வந்து கை கொடுத்தாள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

வேன் வருவதற்கு நேரம் இருந்தது. வளர்மதி மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோச்சக்கா."

"சொல்லு."

"நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சுட்டேன். இன்னிக்கு வேகமாவும் போட்டுட்டேன். ஆனா பந்து கையை விட்டுப் போறவரைக்கும் பயமாத்தான் இருந்துச்சு. போன பிறகும் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அது போகவே இல்லையேக்கா."

வளர்மதி கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்தார்.

"போச்சுன்னா அன்னிக்கே வந்து எங்கிட்ட சொல்லு. அதுக்குப் பெறகு உங்கையில நான் பந்து குடுக்க மாட்டேன்."