பறங்கிக்காய் வாய்மூடிய கதை

அந்தக் காலத்தில் காய்கறிகளுக்கெல்லாம் பேச்சு உண்டு. ஆனால் கேட்டால்தான் பேசும். முற்றிவிட்டாயா என்று கேட்டால், கத்தரிக்காய் "ஆச்சு" என்றோ "நாளைக்கு வா" என்றோ சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பறங்கிக்காய் மட்டும் கேட்காமலே பேசும்.

கடற்கரை ஊரொன்றில் செபத்தியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். மண்சட்டியில் மாவுருண்டை வைத்து, மூடிமேல் தணல் பரப்பி, பிஸ்கோத்து சுடுவதில் கெட்டிக்காரி. அவளுடைய மூத்த நாத்தனார் லூர்தம்மாள் காய்ச்சலில் விழுந்து, ஒன்பது நாளாகக் கஞ்சியைக்கூடத் துப்பிக்கொண்டிருந்தாள். உடம்பு எலும்புக்கூடாகிவிட்டது. பத்தாம் நாள் காலையில், சுக்கும் ஏலமும் மணக்க, மெத்தென்று ஏதாவது கொடுத்தால் தின்கிறேன் என்றாள். வீட்டில் இருந்த கருப்பட்டி இரண்டு தடவை சுடத்தான் வரும்.

செபத்தியம்மாள் தோட்டத்துப் பறங்கியின் தலையைக் காம்போடு சீவினாள். அந்நாளில் பறங்கிக்கு உள்ளே முழுக்கச் சதைதான். நாரும் விதையும் அங்கங்கே கிடக்கும். அவள் நடுச்சதையைத் தோண்டி, நாரையும் விதையையும் ஒதுக்கி, சதையை அவித்து மசித்து மாவில் பிசைந்தாள். பிசையப் பிசைய, சீவிய வாய் வழியாகப் பறங்கி பேசியது. சுக்கு பற்றாது. கிராம்பு கூடிவிட்டது. இப்படியா பிசைவார்கள்.

"உன்னை யார் கேட்டது?"

"பாதி நான் அந்த மாவுக்குள்ளே இருக்கேன் தாயே. எனக்கு அக்கறை இருக்காதா?"

சட்டி அடுப்பேறியதும் இன்னும் மோசம். தீய்கிற வாசனை வருகிறது, திற என்றது பறங்கி. திறந்தாள், ஒன்றுமில்லை. மூடினாள். இப்போது பார் என்றது. ஏழாம் தடவை திறந்தபோது சூடெல்லாம் வெளியே போய், உப்பிவந்த பிஸ்கோத்துகள் அமுங்கி இறுகிக் கிடந்தன.

லூர்தம்மாள் ஒன்றை எடுத்துக் கட்டில்காலில் தட்டிப் பார்த்தாள். "செபத்தி, இது எனக்கா, கூரைக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செபத்தியம்மாள் அடுப்படிக்கு வந்து மிச்சக் கருப்பட்டியை இடித்தாள்.

"நான் அப்பவே சொன்னேனே" என்றது பறங்கி.

அவ்வளவுதான். ஒதுக்கி வைத்த நாரையும் விதையையும் அள்ளி அதன் வாய்க்குள் திணித்தாள். சீவிய தலையைக் காம்போடு வைத்து அழுத்தி, கருப்பட்டிப் பாகால் ஒட்டினாள்.

வீடு அமைதியானது. மறுபடி பிசைந்த மாவோடு சட்டி அடுப்பேறியது. கொஞ்ச நேரத்தில் அந்த அமைதியே அவளைப் பயமுறுத்தியது. திறந்தால் அமுங்கும், திறக்காவிட்டால் கருகும். கருப்பட்டி இனி இல்லை. வேறு வழி தெரியாமல், பறங்கியை விரல் முட்டியால் தட்டினாள்.

"வெந்ததா?"

தொப்பென்று மந்தமாக ஒரு சத்தம். வேகவில்லை போலும். பொறுத்திருந்து மறுபடி தட்டினாள். இந்த முறை குடத்தைத் தட்டியதுபோல் கணீரென்றது. மூடியைத் தூக்கினாள். பஞ்சுபோல் உப்பியிருந்தன.

லூர்தம்மாள் ஒன்றைத் தின்றாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். மூன்றாவதை மென்றுகொண்டே, "சுக்கு பத்தலை" என்றாள்.

செபத்தியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சரியாகத்தான் சொன்னாய் என்று சொல்லலாமென்று ஓடிவந்து காம்பைப் பிடித்து இழுத்தாள். தலை வரவில்லை, தோல் கூடிவிட்டிருந்தது.

அன்று முதல்தான் பறங்கியின் வயிறு நாரும் விதையுமாக அடைத்துக் கிடக்கிறது. நாமும் வாங்குமுன் அதைத் தட்டிக் கேட்கிறோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது.