கருமடுவில் ஒரு வளைச் சத்தியம்

ஏழு கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு சீமை. நமக்குத் தை மாசம் பனி கொட்டுறப்போ அங்க வெயில் மண்டையைப் பொளக்குமாம், அப்படி எல்லாமே தலைகீழா இருக்கிற சீமை. அந்தச் சீமையில ஒரு ஊரு, ஊரை ஒட்டி ஒரு ஆறு, ஆறு வளையுற இடத்துல ஒரு மடு. அதோட ஆழத்தை அளந்தவங்க யாரும் கிடையாது. தண்ணி கருகருன்னு கிடக்கும், அதனால கருமடுன்னு பேரு. அந்த மடுவுல மூங்கில் பறி போட்டு மீன் பிடிச்சுப் பிழைச்சவ சடைச்சி. அவ புருஷன் வீரணன். கைப்பிள்ளை பேச்சி, இன்னும் பல்லு முளைக்காத பிள்ளை.

ஒரு நாள் வீரணன் நண்டு பிடிக்கப் போனான். போனவன் கரையில இருந்த ஒரு வளைக்குள்ள கையை விட்டான். விட்டதுதான் தாமதம், "ஐயோ, செத்தேன்!"னு ஒரு அலறல், அக்கரையில மேய்ஞ்ச மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பாத்துச்சு. சடைச்சி ஓடிவந்து பாத்தா கை பூசணிக்காய் மாதிரி வீங்குது. பச்சிலை வச்சா, எரியுது. ஒத்தடம் குடுத்தா, எரியுது. அபினைக் கரைச்சுக் குடுத்தா, அப்பவும் எரியுது. பாம்பு கடிச்சாக்கூட ஒண்ணு பிழைப்பான், இல்ல சாவான். இது சாகவும் விடலை, பிழைக்கவும் விடலை.

"என்ன மாமா கடிச்சுது?"

"கடிக்கலைடி, உதைச்சுது. சேவல் காலுல முள்ளு இருக்குமில்ல, அப்படி ஒரு முள்ளு அதோட பின்னங்காலுல."

இது இப்படி இருக்க, ஊர்ல இன்னொரு கேடு. கோயிலுக்கு நேந்துவிட்ட கிடாய் ஒண்ணு காணாமப் போச்சு, மடுக்கரையில எலும்பு கிடந்துச்சு. அப்புறம் இன்னொரு கிடாய் காணாமப் போச்சு, மடுக்கரையில எலும்பு கிடந்துச்சு. அப்புறம் மூணாவது கிடாயும் காணாமப் போச்சு, அதுக்கும் மடுக்கரையிலதான் எலும்பு. நேந்துவிட்ட கிடாய் யாரு பயிரை மேய்ஞ்சாலும் ஒருத்தரும் கம்பெடுத்து ஓட்ட மாட்டாங்க. அதுல கை வைக்க யாருக்கு நெஞ்சு வரும்? உங்களுக்கு மட்டும் சொல்றேன், காதைக் குடுங்க. ஊர் மணியக்காரர் உடையப்பனுக்கு வந்துச்சு. கறியைத் தின்னுட்டு எலும்பைக் கொண்டுபோய் மடுக்கரையில போட்டது அந்த மனுஷன்தான்.

அந்தக் கரைக்குத் தினம் போறவ சடைச்சி ஒருத்தி. என்னைக்காவது பாத்துட்டான்னா? அவளை எப்படி ஊரை விட்டு ஓட்டலாம்னு இருந்தவருக்கு, வீரணன் கை வீங்கினது பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆயிடுச்சு. ஊரைக் கூட்டினாரு.

"மடுவுல முனி இறங்கியிருக்குப்பா. கிடாயைத் தின்னுச்சு, ஆளையும் தொட்டுச்சு. இப்போ பால்மணம் மாறாத பிள்ளை ஒண்ணு கேக்குது. என் கனவுல வந்து கேட்டுச்சு. எந்த வீட்டைத் தொட்டுச்சோ அந்த வீட்டுப் பிள்ளைதான். வர்ற அமாவாசை அந்தியில பேச்சியை மடுவுல விட்டுடணும். இல்லைன்னா ஊரே காலி!"

கூட்டத்துல ஒருத்தி, "ஏங்க, பச்சைப்பிள்ளைங்க..."ன்னு வாயெடுத்தா. அவ புருஷன் தொடையில நறுக்குன்னு கிள்ளி, "சும்மா இருடி, நம்ம பிள்ளையைக் கேட்டுடப் போகுது"ன்னான். அதோட சரி. பயம் வந்த ஊருக்கு வாய் இருக்காது.

சடைச்சி பிள்ளையை இறுக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. ஓடிடலாம்னா, எழுந்து உக்கார முடியாத புருஷனை என்ன செய்ய? "நீ பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடு புள்ள"ன்னான் வீரணன். "உங்களை விட்டா, அடுத்த நாள் உங்களைத் தூக்கிப் போடுவாங்க மாமா"ன்னா அவ.

ஆனா சடைச்சிக்கு ஒரு சங்கதி தெரியும். புருஷன்கிட்டகூடச் சொல்லலை. போன மழையில மடுக்கரை சரிஞ்சப்போ ஒரு வளையோட பக்கம் பிளந்துக்கிச்சு. எட்டிப் பாத்தா, உள்ள ஒரு உசிரு சுருண்டு கிடக்கு. வாய் வாத்து வாய். உடம்பு நீர்நாய் உடம்பு. வாலு தட்டைத் துடுப்பு. பிரம்மன் சாயங்காலம் வேலையை முடிச்சுட்டு, மிச்சம் கிடந்ததையெல்லாம் சேத்து ஒட்டி வச்ச மாதிரி. வயித்துக்கு அடியில ரெண்டு முட்டை, ஓணான் முட்டை மாதிரி மெத்துன்னு. அலறப்போன வாயை அவ கையால பொத்திக்கிட்டா. சரிஞ்ச இடத்துல ஓலையை வச்சு மண்ணைப் பூசிட்டு வந்துட்டா.

பிறகு ஒரு நாள் மனசு கேக்காம ஓலையை விலக்கிப் பாத்தா. முட்டை பொரிஞ்சு, அவரை விதை அளவுல ரெண்டு குஞ்சு. தாய்க்கு மார்க்காம்பே இல்லை. நமக்கு வேர்வை கசியுமே, அப்படி வயித்துத் தோல்ல பால் கசியுது, மயிர்ல இறங்குது, குஞ்சு ரெண்டும் அதை நக்கிக் குடிக்குது. முட்டையும் போடுது, பாலும் குடுக்குது! உள்ள போறப்பல்லாம் பின்னாடியே மண்ணைத் தள்ளி வாசலை அடைச்சுக்குது.

அதோட போயிருந்தாப் பரவாயில்லை. இன்னொண்ணும் பாத்தா. முழங்கால் தண்ணியில பறியைத் தூக்கிட்டு நிக்கிறா, அது பக்கத்துல முங்குது. கண்ணை மூடிக்குது, காதையும் அடைச்சுக்குது, அலகை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டுது, குருடன் கோலால தடவுற மாதிரி. செத்த மீன் ஒண்ணு பக்கத்துலயே கிடக்கு, அதைத் தொடலை. சேத்துக்குள்ள ஒரு புழு நெளிஞ்சுது, நேரா அங்க போச்சு. 'ஆத்தாடி, இது கண்ணால தேடலை. உசிரு துடிக்கிற துடிப்பைத் தேடுது'ன்னு அவளுக்குப் புரிஞ்சுது. புரிஞ்ச அந்த நொடியே குலை நடுங்கிப் போச்சு. ஏன்னா, அவ காலு தண்ணிக்குள்ள நடுங்கிக்கிட்டு நிக்குது.

திரும்புச்சு. வந்துச்சு. கெண்டைக்கால்ல அலகால தொட்டுச்சு, நனைஞ்ச தோல்பை மாதிரி. சடைச்சி மூச்சை அடக்கி மரம் மாதிரி நின்னா. கொஞ்சம் தடவிப் பாத்துட்டு, வேற பக்கம் போயிடுச்சு.

அமாவாசை வந்துச்சு. அந்தி சாயுது, பறை அடிக்கிறாங்க. மடுக்கரையில ஊரே நிக்குது. பேச்சியைக் கூடையில படுக்க வச்சு, மாலையும் போட்டுட்டாங்க. மணியக்காரர் கூடையைத் தூக்கக் கையை நீட்டினாரு. சடைச்சி குறுக்க பாய்ஞ்சா.

"நில்லுங்கய்யா! வளைச் சத்தியம் கேக்குறேன்!"

பறை நின்னு போச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். பழி விழுந்தா, பழி சொன்னவரும் பழி சுமந்தவரும் ஆத்துக்கரை வளையில ஆளுக்கொரு தடவை கையை விட்டு, 'நான் சொன்னது சத்தியம்'னு மூணு தரம் சொல்லணும். கேட்டுட்டா, ராசாவே ஆனாலும் மாட்டேன்னு சொல்லக் கூடாது.

"என்னடி உன் சத்தியம்?"ன்னாரு மணியக்காரர்.

"இந்த மடுவுல முனி இல்லை. இருக்கிறது பிள்ளை பெத்த தாய். என் பிள்ளையை அது கேக்கலை."

அவளுக்கு மட்டும் பயம் இல்லைன்னா நினைக்கிறீங்க? புருஷன் கை கண்ணு முன்னாடி வந்து நிக்குது. அந்தத் தாய்க்கும் முள்ளு இருந்துட்டா? 'சேவலுக்குத்தானே முள்ளு, கோழிக்கு ஏது?' இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு, மண் அடைச்ச வளைகிட்ட மண்டி போட்டா. அடைப்பைத் தள்ளிக் கையை விட்டா. முழங்கை வரைக்கும் போச்சு. இருட்டுக்குள்ள ஏதோ மூச்சு விடுது. கை வெடவெடன்னு நடுங்குது. நடுங்கக் கூடாது, நடுங்கினா தேடி வரும். ஆனா நிறுத்த முடியலையே! அலகு விரல்ல வந்து முட்டுச்சு.

அப்போ கூடையில கிடந்த பேச்சி பசியில வீறிட்டு அழுதுச்சு.

பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் பெத்தவளுக்குப் பால் சுரந்துச்சு. சேலையை நனைச்சுக்கிட்டு இறங்குச்சு, அந்த வளைக்குள்ள கிடந்தவளுக்கு மயிரை நனைச்சுக்கிட்டு இறங்குமே, அதே மாதிரி. 'நீயும் பால்காரி, நானும் பால்காரி'ன்னு மனசுக்குள்ள சொன்னா. கை தானா அடங்குச்சு. "நான் சொன்னது சத்தியம், சத்தியம், சத்தியம்." மெல்லக் கையை எடுத்தா. வீக்கம் இல்லை, காயம் இல்லை. அது வயித்துல பட்ட விரல் நுனியெல்லாம் பால்.

பக்கத்துல நின்ன கிழவி ஒருத்தி மோந்து பாத்து, "பால்தாண்டி!"ன்னா. கூட்டம் மணியக்காரர் பக்கம் திரும்புச்சு. "இப்போ நீங்கய்யா."

சடைச்சி கை விட்ட வளை ஒண்ணு, பக்கத்துல தொறந்தே கிடந்த வளை இன்னொண்ணு, மணியக்காரர் ரெண்டையும் பாத்தாரு. 'கதவு சாத்தின வீட்லதான் ஆள் இருக்கும், தொறந்து கிடக்கிறது காலி வீடு'ன்னு கணக்குப் போட்டு, தொறந்த வளைகிட்ட போனாரு.

"ஐயா, அதுல வேண்டாம்"னா சடைச்சி. "என் புருஷனைத் தொட்டது அந்த வளைதான்."

"என்னையே பயங்காட்டுறியா? உன் புருஷன் கெளுத்தி மீன்ல குத்து வாங்கிட்டுக் கதை விடுறான்."

"வேண்டாம்யா!"

"போடி!"

கையை விட்டாரு. "நான் சொன்னது சத்தியம்..."னாரு. சாமி கிடாயைத் தின்ன கை அது. வாய் பொய்யைச் சொன்னாலும் கை சொல்ல மாட்டேங்குது, நடுங்குது. "சத்தியம்..." இன்னும் நடுங்குது. உள்ள எதுவோ நகந்துச்சு. மூணாவது சத்தியம் வாயை விட்டு வரலை. என்னமோ தடவுதேன்னு வெலவெலத்துப் போய் அதைக் கெட்டியாப் பிடிச்சுட்டாரு. அது ஆண். பின்னங்கால் ரெண்டையும் கையில வளைச்சுப் போட்டு முள்ளை இறக்குச்சு.

"ஐயோ! மொதல் கிடாயை நான்தான் தின்னேன்!"

கையை உதறினாரு. விடலை.

"ஐயையோ! ரெண்டாவதையும் நான்தான் தின்னேன்!"

இன்னும் அழுத்துச்சு.

"மூணாவதும் நான்தான்! முனியும் இல்லை, கனவும் இல்லை, பிள்ளையை யாரும் கேக்கலை, என்னை விட்டுடு சாமி!"

அப்புறம்தான் அது விட்டுட்டுத் தண்ணிக்குள்ள போச்சு. வலி மட்டும் விடலை. வீரணனுக்கு ஆடி போயி ஆவணியில கை மடங்க ஆரம்பிச்சுது. மணியக்காரருக்கு அடுத்த ஆடி வந்தும் சோத்துல கை வைக்க முடியலை, பொண்டாட்டி ஊட்டி விட்டா. மணியம் போச்சு. அவரைப் பாத்து ஒருத்தரும் எழுந்திருக்கலை.

அந்த அந்தியில மாலையைப் பிச்சுப் போட்டுட்டுப் பிள்ளையைத் தூக்கின சடைச்சி, உடனே வீட்டுக்குப் போயிடலை. பேச்சியை இடுப்புல வச்சுக்கிட்டே குனிஞ்சு, தான் உடைச்ச வாசலை ஈரமண்ணால திரும்ப அடைச்சு விட்டா. அப்புறம்தான் போனா.

பொய் சொன்ன கை நடுங்கும் கண்ணுங்களா. நடுங்குற கையைத் தேடி வர்றதுக்குக் கண்ணு வேணாம், காது வேணாம். மடு அங்க, கதை இங்க. நடுங்காத கையைத் தலைக்கு வச்சுத் தூங்குங்க.