தரையிலிருந்து ஒரு சாண்

புளியங்குளம் விலக்கில் மாவு மில் வைத்திருந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொன்ன பேச்சை அப்படியே கேட்கிறவர்கள். கோளாறே அதுதான்.

மூத்தவர் வெயிலுமுத்து, அடுத்தவர் தவசி, கடைசி சங்கிலி. மில்லில் எலித்தொல்லை தாங்கவில்லை. மெஷின் பெல்ட்டையே கடித்துத் தின்றுவிட்டன. அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பூனை வந்து சாக்குக் குவியலில் மூன்று குட்டி போட்டது. மூவருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் பூனை மிரண்டால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு எதிர் மில் ஆவுடையப்பனிடம் போய்விடுமே. அப்புறம் கடையை மூட வேண்டியதுதான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"குட்டி கண்ணு தொறக்கப் பத்து நாள் ஆகும். கையைக் கழுவிட்டுத் தொடுங்க. பக்கத்துல மெதுவாப் பேசுங்க. நீங்க உடுத்துன துணியைப் போட்டு வைங்க, உங்க வாசனை பழகிக்கும். தூக்கினா தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல வேண்டாம். நழுவினா அடிபட்டுடும்" என்றார் அவர்.

உடுத்தின துணியெல்லாம் குட்டிகள் கிடந்த சாக்குக் குவியலுக்குப் போனது, சங்கிலியின் கல்யாணப் பட்டு வேட்டி உட்பட. துண்டு தோளில் போடுவது, உடுத்துவதில்லை என்று தவசி தீர்ப்புச் சொன்னதால் அது மட்டும் தப்பியது. மூவரும் இடுப்பில் சாக்கும் கழுத்தில் துண்டுமாக நின்றார்கள்.

மெதுவாகப் பேச வேண்டுமே என்று மெஷினையும் நிறுத்தினார்கள். மிளகாய் அரைக்க வந்த பெண்ணிடம் தவசி காதோரமாக, "நாளைக்கு வாங்க" என்றார். இவர்கள் கோலத்தைப் பார்த்த அவள் மறுநாளும் வரவில்லை.

பிறகுதான் பெரிய சிக்கல்.

"நின்னுகிட்டுத் தூக்கினா ரெண்டு முழம் வருதே" என்றார் வெயிலுமுத்து.

"உக்காந்து தூக்கலாம்லண்ணே?" என்றான் சங்கிலி.

"டாக்டரம்மா உக்காரச் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. மூவரும் யோசித்தார்கள்.

"அப்ப நாமதான் இறங்கணும்" என்றார் தவசி.

கடப்பாரையால் தரையை உடைத்தார்கள். மில்லே அதிர்ந்தது. பேச்சு மட்டும் மெதுவாகத்தான் இருந்தது. மார்பளவு குழி ஆனதும் வெயிலுமுத்து கையைக் கழுவிக்கொண்டு இறங்கி, ஒரு குட்டியைத் தூக்கினார். சங்கிலி சாண் வைத்து அளந்து பார்த்தான். சரியாக இருந்தது. குட்டி அவர் துண்டில் மூக்கை உரசியது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தாய்ப்பூனை வந்தது. அவர் கையிலிருந்த குட்டியின் பிடரியைக் கவ்வி, சாலையைக் கடந்து நேரே ஆவுடையப்பன் மில்லுக்குள் போனது. திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கியது. அப்புறம் மூன்றாவது.

"சத்தம் போட்டு நிறுத்துடா" என்று கிசுகிசுத்தார் வெயிலுமுத்து.

"சத்தமாப் பேசக்கூடாதேண்ணே" என்று கிசுகிசுத்தான் சங்கிலி. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் மெதுவாகவே அழுதான்.

பூனை நான்காம் முறையும் வந்தது. குட்டி வாசனை அடித்த துண்டை வெயிலுமுத்துவின் பிடரிப் பக்கமாகக் கவ்வி இழுத்தது.

அவர் முகம் மலர்ந்துபோனது.

"பழகிருச்சுடா. என்னையும் கூட்டிட்டுப் போகுது" என்றவர், குட்டிகளைப் போலவே கைகாலைத் தொங்கவிட்டார். தம்பிகள் அவரைக் குழியிலிருந்து தூக்கி மேலே விட்டார்கள். பூனை துண்டோடு முன்னால் போக, மூத்தவர் தவழ்ந்தபடியே சாலையைக் கடந்து ஆவுடையப்பன் மில்லுக்குள் நுழைந்தார்.

தம்பிகள் கொஞ்ச நேரம் பேசி முடிவெடுத்தார்கள். பிறகு இருவரும் குழிக்குள் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, பிடரியைக் காட்டி நின்றார்கள்.

"அண்ணே, பூனை வந்துருச்சான்னு பாரேன்" என்றான் சங்கிலி.

"எப்படிடா பார்ப்பேன்? நாம இறங்கி அஞ்சு நிமிஷம்தான் ஆகுது. கண்ணு தொறக்க இன்னும் பத்து நாள் ஆகும்" என்றார் தவசி.