காட்டெருமையும் ‘பார்க்கலாம்’ சொன்ன காடும்

ஜப்பான் தேசத்தில், கடலுக்கும் பனிமலைக்கும் நடுவே ஒரு காடு. அந்தக் காட்டில் பிறந்த குட்டிகள் எல்லாம் கேம் பைத்தியங்கள்.

கேம் ஓட ஒரு பெட்டி வேண்டும், குழந்தைகளே. பெட்டியைச் செய்கிறவர் ஒருவர். கேமைச் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். கேம் இல்லாத பெட்டிக்குள் இருட்டுதான் தெரியும். பெட்டி இல்லாத கேம் வெறும் மரப்பட்டை.

அங்கே பெட்டி செய்து வந்தது நாரை. கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. பொந்தில் படுத்துக்கொண்டு விளையாடலாம், நடந்துகொண்டே விளையாடலாம், அம்மா பார்க்காதபோது இறக்கைக்குள் ஒளித்தும் விளையாடலாம்.

கேம் செய்கிறவர்களில் பெரியவர் குரங்கார். எந்தப் பெட்டிக்கு அவர் கேம் கொடுக்கிறாரோ, அந்தப் பெட்டிதான் வேண்டும் என்று குட்டிகள் தரையில் விழுந்து உருளும். முயலும் நரியும் அவர் போகிற பக்கம் போகும்.

எல்லாருக்கும் கடைசியில் இருந்தது ஓர் அணில். இரண்டு குட்டிகளின் தாய். பயந்த சுபாவம். ஓர் இலை அசைந்தாலும் ஓடிப்போய்க் குட்டிகள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கும்.

அந்த வருடம் அணில் ஒரே ஒரு கேம்தான் செய்திருந்தது. பனிக்கு அடியில் கொட்டைகளை ஒளித்து வைக்க வேண்டும். பருந்தின் நிழல் விழுவதற்குள் தேடி எடுக்க வேண்டும். ஒரு மரப்பட்டையில் பல்லால் கொறித்துக் கொறித்து, வசந்தம் முழுவதும், கோடை முழுவதும் அதையே செய்தது. அதனால் குளிர்காலத்துக்கு ஒரு கொட்டைகூடச் சேர்க்கவில்லை. கேமைக் கொடுத்துத்தான் சாப்பாடு வாங்க வேண்டும். கேம் ஓடாவிட்டால் குட்டிகள் பட்டினி.

மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. முதல் பனி இன்றோ நாளையோ என்று நின்றது.

அப்போதுதான் கடல் கடந்து ஒரு காட்டெருமை வந்து இறங்கியது.

அது கொண்டுவந்தது ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. பாறை மாதிரி இருந்தது. திறந்தால் மின்னல் மாதிரி படம் வரும். எருமையின் தேசத்தில், பரந்த புல்வெளியில், அந்தப் பெட்டி இல்லாத மந்தையே கிடையாது.

“இந்தக் காட்டிலும் வீட்டுக்கு ஒரு பெட்டி!” என்று எருமை முழங்கியது. “கப்பல் கப்பலாகக் கொண்டுவந்திருக்கிறேன். கேம் மட்டும்தான் பாக்கி.”

குரங்காரிடம் போனது. முயலிடம் போனது. நரியிடம் போனது. கடைசியில் அணிலின் மரத்தடிக்கு வந்து நின்றது. அது மூச்சு விட்ட வேகத்தில் கீழ்க்கிளையின் இலைகள் உதிர்ந்தன.

“அணிலம்மா! உங்கள் கேமைக் கொண்டுவாருங்கள். இப்போதே என் பெட்டிக்கு ஏற்றபடி துளை போட்டுவிடுங்கள்.”

அணில் தன் கேமைக் கொறித்து வைத்திருந்த தாய்ப்பட்டையை மார்போடு அணைத்துக்கொண்டது. தாய்ப்பட்டை ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் மற்றப் பட்டைகளைச் செதுக்க முடியும். நாரையின் பெட்டி என்றால் அதன் ஓரங்களை நறுக்கிச் சின்னதாக்க வேண்டும். எருமையின் பெட்டி என்றால் நடுவில் பெரிய துளை போட வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டால் இன்னொன்றுக்கு ஆகாது.

“ஐயா,” என்றது அணில், மெல்லிய குரலில். “மற்றவர்கள்...?”

“மற்றவர்களா? எல்லாரும் வருகிறார்கள்! நீங்கள் ஒருவர்தான் மிச்சம். நான் இப்போது கடற்கரைப் பாறைமேல் நின்று ஒரு குரல் கொடுக்கப் போகிறேன். கொடுத்தால் கப்பல்கள் பெட்டிகளையும் என் மந்தையையும் இறக்கிவிட்டுப் போய்விடும். வசந்தம் வரைக்கும் திரும்பி வராது. நானும் என் மந்தையும் இங்கேதான்.”

அணில் மனசுக்குள் கணக்குப் போட்டது. குரங்கார் பெரிய பெட்டிக்குப் போகிறார் என்றால் குட்டிகளும் போகும். அப்படியானால் துளை போட வேண்டியதுதான். பல்லைப் பட்டையின் நடுவில் வைத்தது. கடிக்கப் போனது.

கடிக்கவில்லை.

“ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். குரங்கார் என்ன சொன்னார்? அவர் வாயிலிருந்து வந்த அதே வார்த்தையைச் சொல்லுங்களேன்.”

“அதற்கென்ன! ‘ஆஹா, அருமையான பெட்டி, இப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை’ என்று கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். ‘கேம் தருவீர்களா?’ என்றேன். ‘அதற்கென்ன, பார்க்கலாம்’ என்றார்.”

அணிலின் வால் தொங்கிப் போனது.

“முயல்?”

“‘குரங்காரே சொல்லிவிட்டாரா? அப்புறம் என்ன, பார்க்கலாம்’ என்றது.”

“நரி?”

“அது பல் இடுக்கில் ஸ்ஸ்ஸ் என்று காற்றை இழுத்தது. ‘சுவாரசியமான யோசனைதான்’ என்றது. குளிர் போல, பாவம்.”

அணில் கண்ணை மூடிக்கொண்டது.

அந்தக் காட்டில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதைக் குறைவு. அதற்குப் பதிலாக அவர்கள் வைத்திருந்த சொல்தான் ‘பார்க்கலாம்’. பழம் கேட்கும் குட்டியிடம் அம்மா “பார்க்கலாம்” என்றால், குட்டி அந்த நிமிடமே அழத் தொடங்கிவிடும். பல் இடுக்கில் காற்றை இழுப்பது அதற்கும் ஒரு படி மேலே. காட்டில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். புல்வெளியிலிருந்து வந்த எருமைக்கு மட்டும் தெரியாது.

“என்ன யோசனை?” என்றது எருமை. “நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் கிளம்புவேன்.”

எத்தனை சுலபம்! அணிலும் “பார்க்கலாம் ஐயா” என்று சொல்லியிருந்தால் போதும். எருமை சந்தோஷமாகப் போயிருக்கும். அணில் ஓரத்தை நறுக்கி நாரையின் பெட்டிக்குக் கேமைக் கொடுத்திருக்கும். குட்டிகளுக்குச் சாப்பாடு கிடைத்திருக்கும்.

வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பனியில், ஒரு பிடி புல் இல்லாத கரையில், ஒரு மந்தை நிற்பது அணிலின் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் கன்றுகளும் இருக்கும் அல்லவா?

“இல்லை,” என்றது அணில்.

“என்ன?”

“இல்லை ஐயா. அவர்கள் வரமாட்டார்கள். ஒருவரும் வரமாட்டார்கள். நானும் இந்தக் காட்டில் உங்கள் பெட்டிக்குக் கேம் தரமுடியாது. உங்கள் பெட்டி எங்கள் பொந்துக்குள் நுழையவே நுழையாது.”

எருமையின் கண்கள் சிவந்தன.

“குரங்கு அவ்வளவு பணிவாகப் பேசியது! நீ பொய் சொல்கிறாய். நாரை சொல்லிக் கொடுத்ததா?”

அது தலையைக் குனிந்து மரத்தை முட்டியது. மரம் வேரோடு நடுங்கியது. பொந்துக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். அடுத்த கணம் சின்னக்குட்டி பொந்திலிருந்து வழுக்கி, ஒரு கிளையில் மோதி, கீழே விழுந்தது. நேராக எருமையின் திமில்மேல்.



குட்டி எருமையின் மயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. எருமை ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தால் போதும்.

“அசையாதீர்கள்!” என்று அணில் கத்தியது. “ஐயா, தயவுசெய்து அசையாதீர்கள்!”

எருமை அசையவில்லை. ஆனால் அதன் கோபமும் இறங்கவில்லை. “சொல். பொய் சொன்னது யார்? குரங்கா, நீயா?”

அணில் மரத்திலிருந்து இறங்கி வந்து எருமையின் மூக்குக்கு நேராக நின்றது. நான்கு கால்களும் தடதடவென்று நடுங்கின.

“என் பிள்ளை உங்கள் முதுகில் இருக்கிறான். பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த இதைவிட நல்ல நேரம் எனக்கு வருமா? அப்படி இருந்தும் சொல்கிறேன். அவர்கள் வரமாட்டார்கள்.”

எருமை அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தது. கண்ணின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றது கடைசியில்.

“போய் ‘வருவீர்களா’ என்று கேட்காதீர்கள். ‘எந்தக் கேம், எந்த நாள்’ என்று கேளுங்கள். வருகிறவர்களிடம் அதற்குப் பதில் இருக்கும்.”

“ஏறிக்கொள். நீயும் வா.”

பெரிய குட்டியைப் பொந்தின் அடியில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, அணில் தாய்ப்பட்டையை இடுக்கிக்கொண்டு எருமையின் முதுகில் ஏறியது. சின்னக்குட்டியைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அதற்குக் கண்ணீர் வந்தது.

குரங்கார் வெந்நீர்ச் சுனையில் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தார். தலைமேல் ஈர இலை ஒன்றை மடித்து வைத்திருந்தார். பக்கத்தில் முயல்.

“வாருங்கள், வாருங்கள்!” என்றார். “உங்கள் பெட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.”

“ஆமாம், பேசிக்கொண்டிருந்தோம்,” என்றது முயல்.

“எந்தக் கேம் தருகிறீர்கள்? எந்த நாள்?” என்றது எருமை.

குரங்காரின் சிவந்த முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

“அதாவது... பனி விழுந்து முடியட்டுமே.”

“முடிந்ததும் எந்த நாள்?”

“மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் பாருங்கள்.”

“உமக்கு மேலே யார் இருக்கிறார்கள்?”

குரங்கார் தெரியாத்தனமாக மேலே பார்த்துவிட்டார். அங்கே ஆகாயம்தான் இருந்தது.

முயல் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது. காது மட்டும் வெளியே தெரிந்தது.

எருமைக்குப் புரிந்துவிட்டது. பெரிய பெருமூச்சு ஒன்று விட்டது. சுனையின் ஆவி எல்லாம் விலகிப் போனது. அப்போதுதான் குரங்கார் எருமையின் முதுகில் இருந்த அணிலைப் பார்த்தார்.

“ஓ... அணிலம்மாவா?” அவர் குரல் இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது. “வெளியாட்களுக்கு நம் பேச்சுக்கு அர்த்தம் சொல்லித் தருகிறீர்களாக்கும். நல்லது, நல்லது. உங்கள் கேமை இந்தக் காட்டில் யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கலாம்.”

இந்தப் ‘பார்க்கலாம்’ எருமைக்குக்கூட விளங்கியது.

 குரங்கார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முயல் வாங்காது, நரி வாங்காது, நாரையும் பயந்துகொண்டு பெட்டியில் சேர்க்காது. வசந்தமும் கோடையும் செய்த வேலை வெறும் மரப்பட்டை ஆகிவிட்டது. இரண்டு குட்டிகள். ஒரு கொட்டைகூட இல்லாத பொந்து.

எருமை திரும்பிக் கடற்கரைக்கு நடந்தது. பாறையருகே நின்றது. குரல் கொடுக்கவில்லை. தொலைவில் கப்பல்கள் காத்திருந்தன.

“நான் திரும்பிப் போகிறேன்,” என்றது. “இறக்கியிருந்தால் என் கன்றுகள் இந்தக் கரையில்தான் செத்திருக்கும். அணிலம்மா, ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் பனியும் உண்டு, பருந்தும் உண்டு. ஆனால் கொட்டையை ஒளித்து வைத்துத் தேடுகிற கேமை எங்கள் கன்றுகள் கண்டதே இல்லை. இந்தக் காட்டுக்கு என் பெட்டி ஆகாது. என் ஊருக்கு உங்கள் கேம் ஆகும் என்று நினைக்கிறேன். தருவீர்களா?”

அணில் தாய்ப்பட்டையைப் பார்த்தது. நடுவில் துளை போட்டுவிட்டால் நாரையின் பெட்டிக்கு அது எந்தக் காலத்திலும் ஆகாது. கண் காணாத ஊர். முகம் தெரியாத கன்றுகள். அவர்களுக்குப் பிடிக்காமல் போனால்?

சின்னக்குட்டி பசியில் அம்மாவின் காதைச் சப்பியது.

“தருகிறேன்,” என்றது அணில். “எந்த நாள் என்று நீங்கள் கேட்க வேண்டாம். இந்த நாள்.”

பல்லைப் பட்டையின் நடுவில் வைத்துக் கடித்தது. துளை விழுந்தது.

எருமை குரல் கொடுத்தது. ஒரே ஒரு கப்பல் மட்டும் கரைக்கு வந்தது. பெட்டி எதுவும் இறங்கவில்லை. இறங்கிய முதல் சில நாட்களுக்கு மந்தைக்கு ஆகும் என்று ஏற்றி வந்த சோளம் மூட்டை மூட்டையாக இறங்கியது.

“இது எங்களுக்கு இனி வேண்டாம். ஊருக்குப் போய்விட்டால் எங்களுக்கு வைக்கோல் இருக்கிறது,” என்றது எருமை. “கேமுக்கு உள்ள விலை வசந்தத்தில் தனியாக வரும்.”

மூட்டைகளைத் தானே சுமந்துவந்து, பொந்து நிறைகிற வரைக்கும் கொட்டியது. நிறைந்த பிறகு மரத்தடியில் குவித்தது. தான் முட்டிய இடத்தில் பட்டை உரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதை ஒரு முறை நாக்கால் தடவிக் கொடுத்தது. பிறகு தாய்ப்பட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பொந்துக்குள் இரண்டு குட்டிகளும் வாய் நிறையச் சோளத்தை அடைத்துக்கொண்டு, கறக் முறக் என்று காடே கேட்கும்படி மென்றன. வேறு நாளாக இருந்தால் அணில் “சத்தம் போடாமல் சாப்பிடுங்கள்” என்று அதட்டியிருக்கும். இன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

நீதி: முகம் கோணக்கூடாது என்று சொல்லும் இனிப்பான பதில் யாருக்கும் உதவாது; நடுங்கிக்கொண்டே சொன்னாலும் தெளிவான பதில், சொன்னவரையும் கேட்டவரையும் காப்பாற்றும்.