போரடிக்காமல் ஆட ஒரு வழி

உலகம்மை மடத்துச் சமையலுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்தார் பூதத்தான் அண்ணாச்சி. டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அவள் குரு, அவர் சீடர்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"மறுபடியும் அந்த ரம்மியா?"

ரம்மியேதான். போனில் காசு வைத்து ஆடுகிற ரம்மி. அதை விடாவிட்டால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அவர் மனைவி செண்பகவடிவு சொல்லியாகிவிட்டது. சரி, விடுவதற்குத்தான் மனுசன் வழி கேட்க வந்திருக்கிறார் என்று உலகம்மை நினைத்தாள்.

"கட்டுப்பாடா ஆடினா அவ ஏன் போகப்போறா? ஆட்டத்துல போரடிக்கும்போது மனசை எப்படிம்மா அடக்குறது?"

உலகம்மைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு ஆட ஆரம்பிச்சீங்க?"

"கடையில சும்மா உக்காந்தா போரடிக்கும்லா."

"இப்ப ஆட்டமும் போரடிக்குதா?"

"ஆமாம்மா."

"வெளங்கிரும்!"

அவர் விடுகிறவராக இல்லை. "கெட்ட சீட்டு வந்தா டிராப் பண்ணிரணும்மா. சீட்டைப் போட்டுட்டு வெளிய வந்துரணும். கொஞ்சம் நஷ்டம்தான், ஆனா தப்பிச்சிரலாம். அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு. எனக்கு அது வரமாட்டேங்கு. அடுத்தது நல்லதா வரும், அடுத்தது நல்லதா வரும்னு கெட்டதையே பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

போன் அடித்தது. செண்பகவடிவு. அவர் கட் பண்ணினார்.

"எடுங்க அண்ணாச்சி."

"ஒரு ஆட்டம் ஓடிக்கிட்டிருக்கும்மா."

எட்டிப் பார்த்தாள். அவர் மடியில் போன், அதில் சீட்டு விரிந்து கிடந்தது. அட பாவி மனுசா! குரு முன்னால் உட்கார்ந்துகொண்டுமா? கையிலிருந்த மொச்சையை அவர் தலையில் கொட்டலாமா என்றிருந்தது அவளுக்கு.

மறுபடி அடித்தது. மறுபடியும் கட் பண்ணினார். அதற்குப் பிறகு அடிக்கவில்லை, ஒரு மெசேஜ்தான் வந்தது. படித்தவர் முகம் செத்துப்போயிற்று.

"பஸ் ஏறிட்டாளாம். சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்திருக்காளாம்."

உலகம்மை அடுத்த மொச்சையை எடுத்து உரித்தாள்.

"இவன் திருந்திருவான், இவன் திருந்திருவான்னு இத்தனை வருசம் பொறுத்தவதானேம்மா! இன்னும் கொஞ்சநாள் இருந்து பாத்திருக்கலாம்லா? இப்ப என்ன வந்துச்சு அவளுக்கு?"

"நீங்க கேட்டீங்கல்லா, அந்தக் கட்டுப்பாடு" என்றாள் உலகம்மை. "டிராப் பண்ணிட்டாங்க."